மேஸ்திரி எழுந்து நிற்கும் இடம்

கடிக்க மாட்டான் சார், நீங்க குந்துங்க. பலகையில எடம் கீது. பின்னால போனா எஞ்சின் பொகை, உங்க வெள்ள சட்டை கரியாயிடும். இந்தாண்ட நாயி, அந்தாண்ட பொகை, சுத்தி தண்ணி. எதுக்குப் பயப்படணும்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க. என்னக் கேட்டா, இந்த மூணுல நாயிதான் மரியாதை தெரிஞ்சது.

இன்னா இவ்ளோ பெருசுன்னா? எல்லாரும் அதத்தான் கேக்கறாங்க. நாயா, கன்னுக்குட்டியான்னு. பின்னால எஞ்சின் புடிச்சிகினு கீறாரே ஜெரால்டு அண்ணாத்த, இந்த போட்டுக்காரரு, அவரு இவனுக்கும் என் கிட்ட முழு டிக்கெட்டு காசு வாங்கறாரு. சரி, ஆளு டிக்கெட்டு வாங்கினா ஆளு மாதிரி பலகையில குந்த வுடணுமில்ல? அதுக்கு ஒத்துக்க மாட்டாரு. டிக்கெட்டு மனுசனுக்கு, எடம் நாயிக்கு. இன்னா அண்ணாத்த மொறைக்கிற? சாரு கிட்ட உன் பெருமையத்தான் பேசிகினு கீறேன்.

பேரு மேஸ்திரி. பாத்தீங்களா, சிரிச்சிட்டீங்க. எங்கூட்ல யாராச்சும் வேல செஞ்சா எதுர குந்திகினு பாத்துகினே இருப்பான் சார். மீனு ஆஞ்சாலும் பாப்பான், வல தெச்சாலும் பாப்பான். ஒரு கை ஒத்தாசை கெடையாது. கொட்டாவி ஒண்டி வுடுவான். அதான் என் தம்பி இந்தப் பேரு வெச்சான். மணலி ரோட்டுல ஒரு கன்டெய்னர் யார்டுல காவலுக்கு இருந்தவன் இவன். ஒத்தக் கண்ணு மங்கிப் போனதும் தொரத்தி வுட்டாங்க. தம்பி மீன்பாடி வண்டியில ஏத்தி இட்டுகினு வந்துட்டான். மீனு வித்துட்டு வாடான்னு அனுப்பினா நாயி வாங்கிகினு வரியான்னு நா கத்துன கத்து காசிமேடு வரிக்கும் கேட்டிருக்கும். இவன் எதுர குந்திகினு அதயும் பாத்தான்.

வாய் ஏன் கட்டலன்னா? மெய்தான். கட்டணும்னு அண்ணாத்தயும் சொல்லிகீறாரு. கரையில நின்ன வரிக்கும் கட்டித்தான் இருந்துச்சு. ஏறினதும் அவுத்துட்டேன். வாயக் கட்டினா மூக்கும் சேந்து அமுங்குது சார். நாயிக்கு மூக்குதானே எல்லாம்? முன்னால நிக்க வெச்சதும் அதுக்குத்தான், காத்து நேரா மூஞ்சியில அடிக்கும். இருங்க, இருங்க, எயுந்துக்காதீங்க. போட்டுக்காரரு கிட்ட சொல்லிடாதீங்க. நேத்து ஒரு அம்மா சத்தம் போட்டுது. இன்னும் ஒரு ஆளு வந்து இவனப் பத்தி சொன்னா நாளையில இருந்து ஏத்த மாட்டேன்னு சொல்லிட்டாரு. ஏத்தலன்னா எனக்கு வேற வயி கெடையாது.

பாலத்து வயியா போலாம், யாரு இல்லன்னது? ஆட்டோக்காரன் ஏத்த மாட்டான், கண்டக்டரு ஏத்த மாட்டான், சுத்துதான், ஆனா நடந்தே போலாம். பாலத்து மேல போனா அந்தாண்ட போய்ச் சேரலாம், அவ்ளோதானே? எனக்கு அந்தாண்ட ஒரு வேலையும் இல்ல சார். எறங்கவே மாட்டேன். இதே போட்டுல திரும்பிருவேன். சாயங்காலம் ஷிப்ட் வுடறப்ப மறுபடியும் வருவேன்.

அப்டிப் பாக்காதீங்க. லூசு இல்ல. தெனம் வர்ற ஆளுங்க எல்லாம் உங்கள மாதிரியே பாத்து முடிச்சிட்டாங்க. இப்ப பாருங்க, ஒருத்தராச்சும் என் பக்கம் மூஞ்சியத் திருப்பறாங்களா? போனத் தேய்ச்சிகினு கீறாங்க. நீங்க புதுசு. அதான் உங்க பக்கமா வந்து குந்துனேன். அண்ணாத்தயும் பேசு, வாணாம்னு சொல்லல. இன்னா வோணா பேசு செங்கொடி, அத ஒண்டிப் பேசாத, பேசினா ஆளுங்க ஏற மாட்டாங்கன்னு சொல்லிகீறாரு. பாவம், அவரு பொயப்பு.

எதப் பேசக் கூடாதுன்னா... வரேன் வரேன். மொதல்ல இந்தத் தண்ணியப் பாருங்க. இன்னிக்கு நல்லா வத்திகீது. நல்லதாப் போச்சு. மேலாக்க பாத்தாதான் இது ஆறு. கீய எல்லாம் கரண்டு பிளான்ட்டு வுட்ட சாம்பல் சேறு. கால வெச்சா முட்டி வரிக்கும் போவும், அத எடுக்கறேன்னு இன்னொரு கால ஊணினா இடுப்பு வரிக்கும் போவும். என் தம்பி திலீப்பு இதுலதான் எறா புடிப்பான். சின்ன போட்டு. முன்னால மேஸ்திரி, பின்னால அவன். வேல செய்றவன் ஒருத்தன், பாக்கறவன் ஒருத்தன். கரையில எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்க, டேய் திலீப்பு, மொதலாளி வந்துட்டாரு, துடுப்ப வேகமா போடுன்னு.

ஷூவத் தூக்கி வெச்சுக்குங்க சார், இங்க தண்ணி தெறிக்கும்.

கடைசியா ரெண்டு பேரும் எறா புடிக்கப் போன அன்னிக்கு இவன் ஒண்டி திரும்பி வந்தான். நீந்திகினு. கயுத்து வரிக்கும் சாம்பல் சேறு. நா வாசல்ல மீனு ஆஞ்சிகினு இருந்தேன். எதுர வந்து நின்னான். குந்தல. கத்தி கீய வுயுந்ததுகூட எனக்குத் தெரியல. என் வேலயப் பாக்காம என் மூஞ்சியப் பாத்தது அன்னிக்குத்தான்.

எங்க குப்பத்த நா கொறை சொல்ல மாட்டேன். மொத்த பேரும் தொயில நிறுத்திட்டுத் தேடுனாங்க. அடுப்பெரியாத வூடுங்க எனக்குத் தெரியும். ஆனா எல்லா போட்டும் முகத்துவாரத்தத் தாண்டி கடலுக்குத்தான் போச்சு சார். எறங்கு தண்ணி, எல்லாத்தயும் வெளிய இயுத்துகினு பூடும்னாங்க. அவனோட போட்டும் முகத்துவாரத்துலதான் கவுந்து கெடந்துச்சு. நாங்க கடல்காரங்க. ஒரு ஆளு காணோம்னா கடலத்தான் பாப்போம். எங்கப்பன், பாட்டன் காலத்துல இருந்து கடலுதான் ஆள எடுத்துகீது, அப்பால கடலுதான் குடுத்துகீது. பின்னால கீற ஆத்த யாரு திரும்பிப் பாக்கறது? நானும் பாக்கல சார். கடலப் பாத்துகினுதான் கரையில குந்திகினு இருந்தேன்.

அப்பால போதும்னு பஞ்சாயத்துல சொல்லிட்டாங்க. போட்டோவ மாட்டு, மாலையப் போடு, ஆவ வேண்டியதப் பாருன்னாங்க. அவன் பொண்டாட்டி பவானி தாலிய கயட்டறதா வாணாமான்னு என் மூஞ்சியப் பாக்கறா. நா இன்னா சொல்றது? போட்டோவுக்கு எப்டி சார் கொள்ளி வெக்கறது?

ஒரு நாளு அந்தாண்ட கீற கோயிலுக்கு வேண்டிகினு இந்த போட்டுல ஏறினேன். இவனும் பின்னாலயே வந்துட்டான். போறப்ப ஒரு எடத்துல எயுந்து நின்னான். முனகினான். திரும்பி வர்றப்ப அதே எடம், மறுபடியும் எயுந்தான். வெளிய கடலப் பாத்து இல்ல சார், உள்ள ஆத்தப் பாத்து. அதோ, வரிசையா கம்பு தெரியுதே, எந்தக் காலத்துலயோ வல கட்டுனது. அந்தக் கடைசிக் கம்ப பாத்து. வல அதுல மாட்டியிருக்கும், தம்பி எடுக்க எறங்கியிருப்பான். எறங்கினவன விட்டுட்டு போட்டு தானா போயிருக்கும்.

குப்பத்துல சொன்னேன். செத்த மீனு நாத்தத்துக்கு நாயி மோப்பம் புடிக்குது, நீயும் அது பின்னால அலையறியேன்னாங்க. ஒருத்தர் வந்து போட்டு தள்ற நீளக் கயிய வுட்டு ரெண்டு குத்து குத்திட்டு, ஒண்ணுமில்லன்னு போயிட்டாரு. தண்ணி ஏறிகினு இருந்த நேரம் அது. இன்னிக்கு அப்டி இல்ல. அடிக் கம்பே தெரியுது.

அண்ணாத்த போட்ட அங்க நிறுத்த மாட்டேங்கறாரு சார். தெனம் கேக்கறேன். ஷிப்டுக்குப் போறவங்க, லேட்டானா உள்ள வுட மாட்டாங்க, உனக்காக நிறுத்தினா என்ன அடிக்க வருவாங்கங்கறாரு. டிக்கெட்டு வாங்கின பாசஞ்சரு யாராச்சும் ஒருத்தர் வாயத் தொறந்து நிறுத்துன்னா நிறுத்தறேன்னு சொல்லிகீறாரு. நானும்தானே டிக்கெட்டு வாங்கிகீறேன், நாயிக்கும் வாங்கிகீறேன், நாயி கேட்டா நிறுத்துவியான்னு கேட்டேன். தலையக் குனிஞ்சிகினாரு. கெட்டவரு இல்ல.

வேற ஒண்ணும் வாணாம் சார். நீங்க எறங்க வாணாம், தொட வாணாம். ஒத்த வார்த்த சொன்னா போதும். உங்க நேரம் போவும், தெரியும். திட்டுவாங்க, தெரியும்.

அதோ. நா ஒண்ணும் பண்ணல, பாத்துக்குங்க, கயித்தக்கூட அசைக்கல. காது ரெண்டயும் தூக்கிட்டான். எயுந்துட்டான்.

சார்.

...

ஒத்த வார்த்த சொன்னீங்க, நிறுத்திட்டாரு. இந்த எடத்த எஞ்சின் சத்தம் இல்லாம இப்பத்தான் கேக்கறேன். உங்க புள்ளகுட்டிங்க நல்லா இருக்கணும் சார். அண்ணாத்த, அந்தக் கயிய இங்க நீட்டு. இல்ல, நானே பாக்கறேன், நீ போட்ட ஆடாம புடிச்சிக்க. கம்பு கிட்ட ஒட்டினாப்ல வுடு. மெல்ல.

சார், இந்தக் கயித்தக் கொஞ்சம் புடிச்சிக்குங்க. கடிக்க மாட்டான். கையில ரெண்டு சுத்து சுத்திக்குங்க, வுட்டா குதிச்சிருவான்.

டேய் மேஸ்திரி, இரு, இரு. தெரியுது. எனக்கும் தெரியுது.

இது அவன் சட்டைதான் சார். காலர நாந்தான் தெச்சுக் குடுத்தேன். நீங்க அந்தாண்ட திரும்பிக்குங்க. எல்லாரையும் அந்தாண்ட பாக்கச் சொல்லுங்க. இவன் ஒண்டிப் பாக்கட்டும்.