சிவப்புப் பூட்டு

சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். இது என் நண்பனின் அக்காவுக்கு நடந்தது. அவன் ஒரே ஒரு முறைதான் சொன்னான்... மறுபடி கேட்டதற்கு எழுந்து போய்விட்டான்.

இரவு ஏழு மணி இருக்கும். மழை விட்டிருந்தது. பேருந்து நிறுத்தத்திலிருந்து குடியிருப்புக்குப் போகும் பாதையில் ஈ காக்கை இல்லை. ஒரு பக்கம் பூட்டிய கிடங்குகளின் நீண்ட சுவர். மறுபக்கம் தண்ணீர் தேங்கிய காலி மனை. ஐந்து வயது மகள் தோளில் தூங்க, அக்கா தனியாக நடந்து வந்தாள். கணவர் போனதிலிருந்து அப்படித்தான்.

அவர் லிஃப்ட் எஞ்சினியர். முப்பத்து மூன்றெல்லாம் சாகிற வயதா? மகள் என்றால் அவருக்கு உயிர். முழங்கைவரை தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் அவளைத் தூக்குவார். அப்படியும் கிரீஸ் வாடை போகாது. அவளுக்கு அதுதான் அப்பா வாடை.

லிஃப்ட் குழியில் இறங்குகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. முதலில் மின்சாரத்தை நிறுத்துவார்கள். பிறகு ஒவ்வொருவரும் தன் சொந்தப் பூட்டை அந்த சுவிட்சில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். எத்தனை பேர் உள்ளேயோ, அத்தனை பூட்டு. போட்டவர்தான் வந்து எடுக்க வேண்டும். வேறு யாரும் கை வைக்கக் கூடாது.

இவருடையது சிவப்புப் பூட்டு. மகளின் படம் ஒட்டிய அட்டை அதில் தொங்கும். வீட்டில் ஒரு பிளக் மாற்றினாலும், வாசலுக்கு வெளியே இருக்கும் மெயின் சுவிட்சில் அதைப் போட்டுவிடுவார். அக்கம்பக்கத்தில் கேலி செய்வார்கள், கண்டுகொள்ளமாட்டார். டார்ச் பிடிக்கும் மகளுக்கும் மஞ்சளில் ஒரு குட்டிப் பூட்டு வாங்கிக் கொடுத்திருந்தார். "சின்ன எஞ்சினியர், நீயும் உள்ள வர்றேல்ல? உன் பூட்டையும் போடு" என்பார். அந்தக் குட்டிப் பூட்டு அவள் பொம்மைப் பெட்டியில் கிடக்கும். இரண்டு சாவியும் அவர் கழுத்துக் கயிற்றில் கிடக்கும்.

வேறொரு கட்டடத்தில், குழிக்குள்ளேயே மாரடைப்பு வந்தது அவருக்கு. மேலே பூட்டு பூட்டியபடி இருந்தது. கழுத்தில் கயிறு இருந்தது... சாவிகள் இல்லை. குழியைச் சல்லடை போட்டுத் தேடியும் கிடைக்கவில்லை. பூட்டை வெட்ட யாருக்கும் மனம் வரவில்லை. சுவிட்சையே கழற்றிப் பூட்டை எடுத்து, பூட்டியபடியே அக்காவிடம் கொடுத்தார்கள். அவள் அதை அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தாள். அதன்பிறகு அவள் லிஃப்டில் ஏறுவதில்லை. நாலு மாடியும் படிதான்.

அன்றும் படியேறி வந்தால்... எல்லா வீட்டிலும் விளக்கு. இவள் வீடு மட்டும் இருட்டு. மெயின் சுவிட்ச் அணைந்திருந்தது. அதில் சிவப்புப் பூட்டு, பூட்டியபடி. கிரீஸ் வாடை மூக்கில் ஏறியது. தோளில் கிடந்த மகள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"அப்பா வேலை பாக்கிறாரும்மா."

தம்பி, அதாவது என் நண்பன், எலெக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு ஓடி வந்தான். பூட்டை வெட்டிவிடலாம் என்றான். அக்கா குறுக்கே நின்றாள்.

"வெட்டாத. அது அவர் பூட்டு. அவரே எடுக்கட்டும்."

எலெக்ட்ரீஷியன் டார்ச்சோடு உள்ளே போய்ப் பார்த்தார். குளியலறையில் ஹீட்டர் ஒயர் உருகி, ஈரக் குழாயில் ஒட்டிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்ததும் முதலில் அந்தக் குழாயைத் திறப்பது மகள்தான். ஒயரை மாற்றிவிட்டு வெளியே வந்தார்கள். பூட்டு திறந்து தொங்கியது.

அக்கா அன்று அழுது தீர்த்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினாள். செத்தும் தங்களுக்குக் காவல் இருக்கிறார் என்று நம்பினாள். நானாக இருந்தால் கதையை இங்கேயே நிறுத்தியிருப்பேன்...

அடுத்த மாதம். பொழுது சாயும் நேரம். அக்கா சமையலறையில் இருந்தாள். மகள் கூடத்தில் பொம்மைப் பெட்டியைக் கொட்டி வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். பட்டென்று விளக்கு போனது. அதே கிரீஸ் வாடை.

தட்டுத் தடுமாறி வாசலுக்கு வந்தாள். கதவு திறந்திருந்தது. அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சுவிட்சில் அட்டையோடு சிவப்புப் பூட்டு தொங்கியது. இந்த முறை பயமே இல்லை. எங்கேயோ கோளாறு, அவர் பார்த்துக்கொள்கிறார் என்று நினைத்தாள். தம்பிக்குப் போன் செய்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"எதையும் தொடாதடி கண்ணு, அப்பா வந்திருக்கார்" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். பதில் இல்லை. விளையாட்டு மும்முரத்தில் இருப்பாள் என்று விட்டுவிட்டாள்.

தம்பி இந்த முறை கட்டரோடு வந்தான். அக்கா அசையவில்லை. வேலை முடிந்தால் அவரே எடுப்பார் என்றாள், சிரித்துக்கொண்டே. எலெக்ட்ரீஷியன் குனிந்து சுவிட்சில் டார்ச் அடித்தார். அட்டையை விரலால் விலக்கினார்... அப்படியே நின்றார்.

"அக்கா, உள்ள இன்னொரு ஆளும் இருக்காங்களா?"

சிவப்புப் பூட்டுக்குப் பின்னால் ஒரு குட்டிப் பூட்டு. மஞ்சள்.

கூடத்தில் பொம்மைகள் மட்டும் சிதறிக் கிடந்தன. அக்கா மகளைக் கூப்பிட்டு அலறினாள். அறை அறையாக ஓடினாள். எங்கும் இல்லை. அப்போதுதான் எதிரே, மூடியிருந்த லிஃப்ட் கதவின் இடுக்கில் டார்ச் வெளிச்சம் போல ஒன்று அசைந்தது. எங்கோ கீழேயிருந்து குரல் வந்தது.

"கத்தாதம்மா... வேலை இன்னும் முடியல. சாவி அப்பாகிட்ட இருக்கு."