தெளிவாக எழுதிய மூன்று வரிகள்

மருந்துப் பாட்டில் வாங்கினால் லேபிளில் இருப்பதை ஒன்று விடாமல் படித்துவிட்டுத்தான் மூடியைத் திறப்பேன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அலுவலகத்தில் எனக்கு 'அகராதி' என்று பட்டப்பெயர் விழுந்ததற்கு அது ஒரு காரணம். அக்காவின் கணவர் மட்டும் அதைத் திமிர் பிடித்தவன் என்கிற பொருளில் சொல்வார்.

வேலையைப் பற்றிக் கேட்டீர்கள், மேடம். மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்து தருகிற நிறுவனம் எங்களுடையது. அதில் வரும் கோளாறுகளைத் திருத்த ஒரு ஏஜென்ட் இருக்கிறது. ஆள் இல்லை, செயற்கை நுண்ணறிவு. அதன் கையில் நாற்பது கருவிகள், அதாவது ஆளுக்கொரு வேலை செய்யும் சின்னச் சின்ன நிரல்கள். எந்தக் கருவி எதற்கு, எப்போது அதைத் தொடக்கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விவரக்குறிப்பு உண்டு. அந்தக் குறிப்பைத் தவிர ஏஜென்டுக்கு வேறு கண் கிடையாது. எழுதியிருப்பதை அப்படியே நம்பும். அதை எழுதுவது என் வேலை.

வேலை வாங்கிக் கொடுத்தவர் அத்தான்தான். எங்கள் குழுவுக்கும் அவரே தலைவர். நல்ல மனிதர். எல்லாரையும் சிரிக்க வைப்பார்.

'எச்சரிக்கை நீக்கி' என்று ஒரு கருவி. இந்த நோயாளிக்கு இந்த மருந்து ஆகாது என்று கோப்பில் சிவப்பாக ஒரு குறி வரும். அந்தக் குறிகளை இந்தக் கருவி மொத்தமாக அழித்துவிடும். ஒத்திகைக்கு வைத்திருந்த போலிக் கோப்புகளுக்காகச் செய்தது. எது போலி, எது நிஜம் என்று கருவிக்குத் தெரியாது. ஆகையால் ஏழு வரி எழுதியிருந்தேன். அத்தான் அதைக் கூட்டத்தில் பெரிய திரையில் போட்டு, ராகம் போட்டு வாசித்தார்.

"மச்சான், இது விவரக்குறிப்பா, தொடர்கதையா? மூணு வரிக்கு மேல ஒரு எழுத்து இருக்கக் கூடாது."

பதினான்கு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மூன்று வரியாக்கினேன். எதைத் தள்ளுவது என்று அவர் சொல்லவில்லை. 'போலிக் கோப்புகளுக்கு மட்டும்' போயிற்று. 'மனிதரின் அனுமதி இல்லாமல் இயக்காதே' போயிற்று. மிஞ்சிய இடத்தில், 'கோப்புப் பக்கம் மெதுவாகத் திறந்தால் இதைப் பயன்படுத்தவும்' என்று சேர்த்தேன். பொய் இல்லை. குறிகள் இல்லாவிட்டால் பக்கம் வேகமாகத்தான் திறக்கும்.

எழுதியதைச் சரிபார்க்காமல் அனுப்புவது என் பழக்கமில்லை. ஒத்திகைக் கணினியில் உட்கார்ந்து, 'பக்கம் மெதுவாக இருக்கிறது, சரிசெய்' என்று பதினோரு முறை கேட்டேன். பதினோரு முறையும் ஏஜென்ட் அந்தக் கருவியைத்தான் எடுத்தது. பிறகு அத்தானுக்கு அனுப்பினேன். படிக்காமலே ஒப்புதல் கொடுத்து, கூடவே கட்டைவிரல் படம் ஒன்றும் அனுப்பினார்.

பத்தொன்பது நாள் காத்திருந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்கு, பக்கம் மெதுவாக இருப்பதாக ஒரு மருத்துவமனையிலிருந்து புகார் வந்தது. ஐந்து நிமிடத்தில் என் திரையில் சிவப்புக் குறிகள் வரிசை வரிசையாக மறைந்தன. 'பக்கம் இப்போது வேகமாகத் திறக்கிறது' என்று ஏஜென்ட் அறிக்கை கொடுத்தது. அடக்கமான, சுருக்கமான வாக்கியம்.

ஏன் உடனே சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். அத்தானே கண்டுபிடிக்கட்டும் என்று நினைத்தேன். அவர் மேசை எனக்கு மூன்று மேசை தள்ளி; முகம் நன்றாகத் தெரியும். ஆனால் அன்று பக்கத்துக் குழுவில் யாருக்கோ பிறந்தநாள். கேக் வெட்டக் கூப்பிட்டார்கள் என்று எழுந்து போய்விட்டார். நானும் போய் ஒரு துண்டு வாங்கிக்கொண்டேன். மருத்துவமனையிலிருந்து போன் வந்தபோது பதினொன்றரை.

அதற்குள் ஒவ்வாத மருந்து ஏற்றப்பட்டவர்கள் மூன்று பேர். ஒரு பேருந்து ஓட்டுநர், ஒரு பள்ளி ஆசிரியை, காதுவலி என்று வந்த ஆறு வயதுக் குழந்தை. ஓட்டுநர் பிழைத்துக்கொண்டார்.

உங்கள் போலீஸ்காரர்கள் வந்து அத்தானைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அக்கா என் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவரு யாருக்கும் கெடுதல் நினைக்கிற ஆளாடா? உனக்குத் தெரியும்ல. நீயாவது போய்ச் சொல்லேன்டா."

"சொல்றேன்க்கா" என்றேன். டீ போட்டுக் கொடுத்தேன். அவள் குடிக்கவில்லை.

இரண்டு மாதமாகச் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவில்லை.

நேற்று விசாரணைக் குழுவின் அறிக்கை வெளியானது. ஒன்பதாம் பக்கத்தைப் பாருங்கள். சாவுகளுக்குக் காரணம் 'தெளிவில்லாமல் எழுதப்பட்ட விவரக்குறிப்பு' என்று போட்டிருக்கிறார்கள். அத்தானைப் பற்றி அவர்கள் என்ன எழுதினாலும் நான் வாய் திறந்திருக்க மாட்டேன். ஆனால் தெளிவில்லையாம். அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானே வந்தேன்.

என்ன நடக்க வேண்டும் என்று நினைத்து எழுதினேனோ, அதுதான் நடந்தது. ஒரு சொல்கூட வேறு அர்த்தம் தரவில்லை. இதைவிடத் தெளிவாக எப்படி எழுதுவது, மேடம்? எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். இரண்டு பேரையும் கொன்றது நான்தான் என்றே எழுதிக்கொள்ளுங்கள். அறிக்கையில் அந்த ஒரு சொல்லை மட்டும் அடித்துவிடச் சொல்லுங்கள். ஒருவன் செய்யாத தப்பை அவன் தலையில் கட்டுவது நியாயமில்லை.