வேற்றுக்கிரக மாப்பிள்ளை

...விழாத் தலைவர் இப்போ சொன்னாரு, நாவல் படிச்சா மனசு விரியும்னு. விரியும். இல்லேங்கல. ஆனா எவ்வளவு தூரத்துக்கு விரியும்? அதுக்கு ஒரு மனுஷனோட கதையை உங்ககிட்ட சொல்லியே ஆகணும். சின்னதுதான், சாப்பாட்டுக்கு முன்னாடி முடிச்சிடறேன்.

எங்க ஊர்ல வாசகர் வட்டம் ஒண்ணு இருக்கு. நூலக மாடியில ஞாயித்துக்கிழமை காலையில கூடுவோம். அதுல சபாநாயகம்னு ஒருத்தர். மின்வாரியத்துல அதிகாரி. நாவல்னா உசுரு. படிச்சிட்டுச் சும்மா இருக்க மாட்டாரு... எங்களுக்குச் சொல்லணும்! எப்படிச் சொல்லுவாரு?

ஒரு துப்பறியும் நாவல் படிச்சாரு. மைக்கைப் புடிச்சாரு. "கொலைகாரன் தோட்டக்காரன்தான்னு பாதியிலேயே புடிச்சிட்டேன் சார்! என் கண்ணுல இருந்து ஒண்ணும் தப்பாது!" சரி. அப்புறம் ஒரு பேய் நாவல். "உடம்பெல்லாம் நடுங்கிப் போச்சு சார்!" நெசமாவே நடுங்கினாரு. அவர் சம்சாரம் அமிர்தவல்லி அம்மா பக்கத்துல உக்காந்து தலையில அடிச்சுக்கிட்டாங்க. ஏன்னா பட்டப்பகல்ல பாத்ரூமுக்குத் துணைக்குப் போனவங்க அவங்கதான்!

அதுக்கடுத்து வந்துச்சு ஒரு விஞ்ஞான நாவல். ஒரு பொண்ணு, வேற கிரகத்துல இருந்து வந்தவனைக் காதலிக்கிறா. அவனுக்கு நாலு கை. பச்சைத் தோலு. காது எங்க இருக்குன்னே தெரியல. பொண்ணோட அப்பா அவனை வீட்டுக்குள்ள கூப்பிட்டு, பக்கத்துல உக்கார வச்சு, சோறு போடுறாரு. அவ்வளவுதான் கதை.

நம்ம சபாநாயகம் அன்னைக்கு அழுதாரு பாருங்க... மூக்கு சிவக்க அழுதாரு!

"அன்புக்கு ஏது சார் கிரகம்? அந்த அப்பாவுக்கு என்ன மனசு! நான் அந்த இடத்துல இருந்தா, மொத ஆளா மாலை எடுத்துக் குடுப்பேன்!"

கூடமே எந்திரிச்சு நின்னு கை தட்டுச்சு. நானும் தட்டினேன்.

கூட்டத்துல அவர் மக நித்திலா உக்காந்திருந்துச்சு. காலேஜ்ல பாடம் நடத்துற பொண்ணு. அதுக்கு அப்பாவோட கண்ணீரைப் பாத்ததும் ஒரு தைரியம் வந்திருச்சு. மத்தியானம் சாப்பிட உக்காந்தாங்க. அங்க நடந்ததை அமிர்தவல்லி அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"அப்பா... மாலை எடுத்துக் குடுப்பேன்னு சொன்னீங்கள்ல?"

"ஆமாம்மா. ஏன்?"

"எனக்கும் எடுத்துக் குடுங்கப்பா."

தோட்டக்காரனைப் பாதியிலேயே புடிச்ச கண்ணு... சொந்த மக காதலிக்கிறதைக் கடைசி வரைக்கும் பாக்கல! சுதாரிச்சுக்கிட்டுக் கேக்குறாரு.

"பையன் பேரு?"

"இன்பராஜ்."

"என்ன பண்றாரு?"

"பிசியோதெரபிஸ்ட்ப்பா. உங்களுக்கு முட்டிவலி வந்தப்போ பாத்தாரே... அவருதான்."

"ஓ! தங்கமான பையனாச்சே! எந்த ஊரு?"

"நம்ம ஊருதான்."

"எந்தத் தெரு?"

அந்தப் பொண்ணு தெருவைச் சொல்லுச்சு.

சோத்துல இருந்த கை... அப்படியே நின்னு போச்சு.

"அது சரிப்படாதும்மா."

"காலையில அழுதீங்களேப்பா?"

"அது நாவல்மா!"

அதுவரைக்கும் ரசம் ஊத்திக்கிட்டு இருந்த அமிர்தவல்லி அம்மா கரண்டியைக் கீழ வச்சாங்க. "ஏங்க, பேய்க்கதை படிச்சிட்டு என்னைத் துணைக்குக் கூப்பிட்டீங்களே... அப்போ நாவல்னு தெரியலையா?"

சபாநாயகம் எந்திரிச்சுக் கையைக் கழுவிட்டுப் போயிட்டாரு.

பாருங்க ஐயா! நாலு கைக்காரனுக்குச் சோறு போடுவாராம். தன் முட்டியைத் தொட்டுக் குணப்படுத்தினவனுக்குப் போட மாட்டாராம். அவனுக்கு ரெண்டு கைதானே இருக்கு, அதான் கொறை போல!

மாசக்கணக்கா கெஞ்சிப் பாத்துச்சு அந்தப் பொண்ணு. அசையல. கடைசியில பதிவுக் கல்யாணம். சாட்சிக் கையெழுத்துப் போட்டது யாரு? அமிர்தவல்லி அம்மா! வாசகர் வட்டத்துல இருந்து நாங்க எல்லாரும் போயிருந்தோம். நித்திலா எங்களுக்கு வணக்கம் சொல்லிக்கிட்டே வாசலைப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. கடைசி வரைக்கும் பாத்துச்சு. அவரு வரல.

அடுத்த கூட்டத்துக்கு வந்தாரு. தனியா வந்தாரு. ஒரு குடும்ப நாவலைப் பத்திப் பேசினாரு. வீட்டை விட்டுப் போன மக, வீட்டுக்குள்ள ஒத்தையில ஒரு அப்பா... பேசிக்கிட்டே இருந்தவரு அழுதுட்டாரு. அன்னைக்கு அவர் அழுதது நாவலுக்கு இல்ல. எங்களுக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். நான்கூட நெனச்சேன், மனுஷன் இப்போ சொல்லிடுவாரு, 'தப்புப் பண்ணிட்டேன்'னு சொல்லிடுவாருன்னு. தண்ணி குடிச்சாரு. கண்ணாடியைத் தொடச்சாரு. என்ன சொன்னாரு தெரியுமா?

"மக கேரக்டர் சரியா வரலை சார். எழுத்தாளர் இன்னும் உழைச்சிருக்கணும்!"

...

ஏன் இதைச் சொல்றேன்? நாவலைப் படிச்சு அழுறது தப்பில்லை. ஆனா அது ரொம்ப சுலபமான அழுகைங்க! நாவல்ல வர்றவன் உங்க வீட்டுக் கதவைத் தட்ட மாட்டான். உங்க பந்தியில வந்து உக்கார மாட்டான். உங்க பொண்ணைக் கேக்க மாட்டான். அதனாலதான் அவன்மேல நமக்கு அம்புட்டுப் பிரியம்! உசுரோட ஒருத்தன் வந்து வாசல்ல நின்னா, அப்போ தெரியும் நாம என்ன படிச்சோம்னு.

சிரிக்கிறீங்க. சிரிங்க... சபாநாயகம் சிரிக்க வேண்டிய ஆளுதான். ஆனா ஒண்ணு மட்டும் கேக்குறேன். நான் அந்தத் தெருவோட பேரை உங்ககிட்ட சொல்லவே இல்லையே... 'எந்தத் தெருவா இருக்கும்'னு ஒரு நிமிஷம் உங்க மனசு தேடிப் பாத்துச்சா இல்லையா?

கையைத் தூக்க வேணாம். உங்களுக்குள்ளேயே பதில் சொல்லிக்குங்க.