கையில் கொடுத்த கத்தி

பசித்து வந்த பிள்ளைகளின் பசியாற்றிய பாசப் பெருந்தகையே! நாயுடுபுரம் மாணவர் விடுதியின் அடுப்படிக்கு அரசியே! அன்பு நிறை ரபியா அம்மையாரே! தாங்கள் பணி நிறைவு பெறும் இந்நாளில், தாங்கள் கேட்டுக்கொண்டபடியே, எதையும் மறைக்காமல் எழுதி வாசிக்கும் மடல் இது.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக, மூடுபனி விலகுமுன்பே வந்து உலை வைத்தவர் நம் ரபியா அம்மையார். காய்ச்சல் கண்ட பிள்ளைக்குக் கேளாமலே கஞ்சி காய்ச்சியவர். அத்தனையும் போன வருடம் ஒரே நாளில் எல்லாருக்கும் மறந்துபோயிற்று. மலைக்குக் கீழே ஒரு மருத்துவமனையில், மனநலப் பிரிவின் வரிசையில் அவர் நின்றதை யாரோ பார்த்து வந்து சொன்னார். வாசலில் காட்டுமாடு வந்து நின்றாலும் வேடிக்கை பார்க்கும் இந்த ஊர், வேளை தவறாமல் மாத்திரை விழுங்கும் ஒரு பெண்மணியைக் கண்டு வெலவெலத்துப் போனது. அன்று மாலையே சமையற்கட்டுக் கத்திகள் எல்லாம் ஸ்டோர் ரூமுக்குள் பூட்டப்பட்டன.

நறுக்கிய காய்கள் மட்டுமே அவரிடம் வந்தன. அவர் கரண்டியை எடுத்தால் பக்கத்தில் நின்றவர் தள்ளி நின்றார். நாளாக ஆக, அவருக்கே தம் கைகளைக் கண்டு பயம் வந்துவிட்டது. இத்தனை பேர் பயப்படுகிறார்களே, இந்தக் கை ஏதாவது செய்துவிடுமோ என்று தமக்குள்ளே கேட்டுக்கொண்டார்.

விடுதி நாள் விருந்தன்று கேரட் மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. பேத்துப்பாறையிலிருந்து வேலைக்கு வரும் உதவியாளர் சுமலதா பூட்டைத் திறந்தார். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று இங்கே எல்லாரும் கீழே வைத்துத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். சுமலதாவோ நேரே நீட்டினார்.

"இந்தாங்கக்கா, வெரசா நறுக்குங்க. சோலி நெறயக் கெடக்கு."

"ஒனக்குப் பயமா இல்லையா புள்ள?"

"பயமாத்தேன் இருக்கு. புடிங்க."

"எனக்கும்தேன்" என்று சொல்லி வாங்கிக்கொண்டார் அம்மையார். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, பயந்தபடியே அத்தனையையும் நறுக்கி முடித்தார்கள். மறுநாள் கத்திகள் பழைய இடத்துக்கே வந்துவிட்டன.

அவையோரே! வெளியூர்களிலிருந்து வந்திருக்கும் பெற்றோர்களே! இச்செய்தி உங்களில் பலருக்குத் தெரியாது. "சொல்லாம போனா, அடுத்து வர்றவளும் ஒளிஞ்சு ஒளிஞ்சுதேன் மாத்திரை போடுவா. எழுதுங்க" என்றார் அம்மையார். இதோ மேடையில், போர்த்திய சால்வைக்குள் இரு கைகளையும் ஒளித்துக்கொண்டு, உங்கள் முகங்களைப் பார்க்கத் துணிவின்றி அமர்ந்திருக்கிறார். வெளியே இலை போட்டாயிற்று. இன்றைய விருந்து முழுதும் அவர் கைப்பக்குவம். உண்பீர்களோ, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு எழுந்து போவீர்களோ என்று அவருக்கு அச்சம். எங்களுக்கும் அச்சமே.

அம்மையாரே! நோயின்றி வாழ்க என்று வாழ்த்துவது வழக்கம். நாங்களோ, மாத்திரையை எல்லார் முன்னும் விழுங்கி, எவருக்கும் அஞ்சாது, நெடுங்காலம் நலமோடு வாழ்க என்று வாழ்த்துகிறோம். யார் எழுந்து போனாலும் போகட்டும், முதல் பந்தியில் நாங்கள் உட்காருகிறோம். தங்கள் கையாலேயே பரிமாறுங்கள்.

என்றும் தங்கள் கைச்சோறு உண்ட,
விடுதிப் பணியாளர்கள்