பல் பிடுங்கும் மன்னர் படத்தில் இருந்த பெண் குறித்து

பெயர் பெர்ரின் கோத்ரி. வயது நாற்பத்தாறு. கணவர் பெயர் ஒபேன் கோத்ரி. தொழில், அச்சுப் படங்களுக்கு வண்ணம் தீட்டுதல். விலாசம், பாரிஸ் நகரம், தோல்காரர் சந்து, கல் அச்சகத்தின் மேல்மாடி. 1835ஆம் ஆண்டு நவம்பர் மாதம், விசாரணை நீதிபதி முன்னிலையில் நான் சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதிக்கொண்டது.

நான் மேற்படி விலாசத்தில் குடியிருந்துகொண்டு, கீழ்த்தளத்தில் முதலாளி முசியே தெலோர்ம் நடத்தும் அச்சகத்தில் வேலை செய்து வருகிறேன். என் கணவர் அதே இடத்தில் அச்சுக் கற்களைத் தேய்த்துத் தயார் செய்து, மை தடவி, அச்சு இழுக்கிறார். வண்ணம் போடும் பெண்கள் நாங்கள் ஒரே மேஜையில் உட்காருவோம். ஆளுக்கொரு வண்ணம். போட்டதும் படத்தை அடுத்தவளிடம் தள்ளிவிட வேண்டும். எனக்குச் சதை நிறம். மன்னர் முகமானாலும் பிச்சைக்காரன் முகமானாலும் என் தூரிகைக்குத்தான் வரும்.

எங்களுக்கு ஸெலி என்று ஒரே மகள். அதே மேஜையில் அவள் சிவப்பு போட்டுக்கொண்டிருந்தாள். சென்ற ஆண்டு ஏப்ரல் மாதக் கலவரத்தில் சிப்பாய்கள் சுட்டுக்கொண்டே எங்கள் சந்துக்குள் வந்தபோது, படங்கள் காய்ந்துகொண்டிருந்த ஜன்னலைச் சாத்தப் போனவள் கழுத்தில் குண்டு பட்டு இறந்துபோனாள். சுட்டவர் யாரென்று எனக்குத் தெரியாது. புகார் கொடுக்கப் போன என் கணவரைக் காவல் நிலைய வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு பொதுக் குழியில் அவளைப் புதைத்தோம். அவளுடைய உருவப்படம் எதுவும் எங்களிடம் இல்லை. ஊரார் முகத்துக்கெல்லாம் வண்ணம் போட்ட வீட்டில் அவள் முகம் ஒரு காகிதத்தில்கூட இல்லை.

ப்ராஸ்பேர் மல்லே என்பவர் அச்சகத்துக்குப் படம் வரைபவர். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் சூப் குடிக்க வருவார். அவருக்கும் என் மகளுக்கும் பழக்கம் உண்டா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அவர் சட்டைக்கு அவள் ஒருமுறை பொத்தான் தைத்துக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். அவள் போன பிறகு அவர் சாப்பிட வருவது நின்றுபோயிற்று.

செப்டம்பர் மாதச் சட்டத்தின்படி அனுமதி இல்லாமல் எந்தப் படமும் விற்கக் கூடாது என்பது எங்களுக்குத் தெரியும். அதன் பிறகு அக்டோபரில் மல்லே ஓர் அச்சுக் கல்லில் படம் வரைந்து கொண்டுவந்தார். அனுமதி கேட்கலையா என்று நாங்கள் கேட்டதற்கு முசியே தெலோர்ம், "கேட்டா மட்டும் குடுத்துடுவானுங்களாக்கும்! தொங்க விடுங்க, நடக்கிறது நடக்கட்டும்" என்றார்.

படத்தில் மன்னர் சந்தையில் வண்டிமேல் நிற்கும் பல் பிடுங்குகிறவராக இருந்தார். வலியில் கத்துவது வெளியே கேட்காதபடி மந்திரிகள் முரசு அடித்துக்கொண்டிருந்தார்கள். நாற்காலியில் கட்டிப்போட்டிருந்த பெண்ணுக்குச் சிவப்புக் குல்லா. அவள் சுதந்திரம் என்று கீழே எழுதியிருந்ததாகச் சொன்னார்கள். எனக்குப் படிக்கத் தெரியாது. முதல் தாள் என்னிடம் வந்தபோது வழக்கம்போல் மன்னர் மூக்கிலிருந்து ஆரம்பித்தேன். அதன் பிறகு பெண்ணின் முகத்துக்குத் தூரிகையைக் கொண்டுபோனேன். திறந்த வாயில் முன்பல் ஒன்று மூலை உடைந்திருந்தது. ஸெலி நூலைப் பல்லால் கடித்துக் கடித்து அப்படி ஆக்கி வைத்திருந்தாள். புருவமும் அவளுடையதே. பக்கத்தில் இருந்தவள், "என்ன பெர்ரின், கை நின்னுபோச்சு?" என்றாள். தூரிகையில் வண்ணம் காய்ந்துவிட்டது என்று சொன்னேன்.

அதன் பிறகு மல்லேயை மாடிப்படியில் நிறுத்திக் கேட்டேன். "யாரைக் கேட்டுடா அவ மொகத்தப் போட்ட? எம் பொண்ணக் கட்டிப்போட்டு வாயப் பொளந்து, சந்தையில சிரிக்க விடுறியா?" அவர் தலையைத் தூக்கவில்லை. "வேற மொகம்தான் போட உக்காந்தேன் மதாம். கை அங்கியே போயிருச்சு. அழிச்சிப் பாத்தேன். திரும்பவும் அவளே வந்தா" என்றார். நான் அவரை அடித்தேன். அவர் தடுக்கவில்லை.

மறுநாள் படம் கடை ஜன்னலில் தொங்கியது. நான் எதிர்ப்பக்கம் போய் நின்றேன். கூட்டம் மன்னர் வயிற்றைப் பார்த்துச் சிரித்தது. மீன்காரி ஒருத்தி மட்டும் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "அட போங்கய்யா, அந்தப் புள்ளையப் பாருங்க. இம்புட்டு வலியிலயும் அழுவுறாளா பாரு" என்றாள். அதன் பிறகு எனக்குக் கோபம் இல்லை. தாள்கள் என்னிடம் வரும்போதெல்லாம் அவள் கன்னத்துக்கு மட்டும் இரண்டாவது தடவை வண்ணம் கொடுத்தேன். மேஜையில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

அந்த வாரமே ஆணையர் பெல்காம்ப் காவலர்களோடு வந்து முசியே தெலோர்மையும் மல்லேயையும் கைது செய்தார். படங்களை மூட்டையாகக் கட்டினார்கள். அதன் பிறகு ஆணையர், கல்லைத் தன் கண்முன்னே தேய்த்து அழிக்கும்படி என் கணவருக்கு உத்தரவிட்டார். என் கணவர் மணல் வாளியைக் கையில் எடுத்தார். எடுத்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "என்னால ஆவாது சாமி. எம் மக மொகத்துல நான் மணலக் கொட்ட மாட்டேன்" என்றார். அவருக்குத் தெரியும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. என்னைப் பார்த்து, "மொத அச்சு இழுக்கும்போதே தெரியும் பெர்ரின். உங்கிட்ட சொல்ற தெம்பு இல்ல. தெனமும் மை தடவிப் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றார்.

கல் அழியாவிட்டால் அவரையும் கூட்டிப்போவதாக ஆணையர் சொன்னார். எனவே நான் தேய்த்தேன். மணலும் தண்ணீரும் விட்டு, இன்னொரு கல்லை மேலே வைத்துச் சுற்றினேன். மன்னர் சீக்கிரம் போய்விட்டார். ஸெலியின் பக்கத்தை நான் கடைசியில் வைத்துக்கொண்டேன். ஆணையர், "அங்க என்ன தடவிக்குடுத்துட்டு இருக்க, அழுத்தித் தேயி" என்றார். அழுத்தித் தேய்த்தேன்.

அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது, மேஜையில் இருந்த ஒரு படத்தை என் மேலங்கிக்குள் வைத்துக்கொண்டது உண்மை. வீட்டுக்குப் போனதும் கத்தரிக்கோலால் என் மகள் முகத்தை மட்டும் குல்லாவோடு வெட்டி எடுத்தேன். மீதிக் காகிதத்தை, அது அவர்களுடையது என்று, மறுநாள் நானே காவல் நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மன்னரும் மந்திரிகளும் முரசும் அதில் ஒரு கீறல் இல்லாமல் இருந்தார்கள். ஆணையர் காகிதத்தைத் தூக்கி, அந்த ஓட்டை வழியாக என்னைப் பார்த்து, "இங்க இருந்தது எங்க?" என்று கேட்டார். அதன் பிறகு என்னைச் சோதனை போட்டு, ரவிக்கைக்குள் இருந்த துண்டை எடுத்துக்கொண்டார்கள்.

இன்று நடைக்கூடத்தில் கைவிலங்கோடு உட்கார்ந்திருந்த மல்லே என்னிடம், "உள்ள கேட்டா யாரோ ஒரு பொண்ணுன்னு சொல்லிடுங்க மதாம். சிப்பாய் சுட்டவ மொகம்னு தெரிஞ்சா என்னை வருசக்கணக்கா உள்ள போட்டுருவாங்க" என்றார்.

படத்தில் இருந்த பெண் யார் என்று நீதிபதி என்னைக் கேட்டார். மறுபடியும் கேட்டார். அவள் என் மகள் ஸெலி கோத்ரி என்று சொன்னேன். மல்லே யாருக்கும் கெடுதல் நினைத்து வரைந்தவர் அல்ல, அவள்மேல் இருந்த பிரியத்தால் வரைந்தவர் என்றும் சொன்னேன். இரண்டாவதை எழுத வேண்டியதில்லை என்று எழுத்தரிடம் நீதிபதி சொன்னார். எழுதும்படி நான் கேட்டுக்கொண்டேன். மல்லேக்கு என் வார்த்தையால் கெடுதல் வரும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் என் மகளை யாரோ ஒரு பெண் என்று என் வாயால் சொல்ல வரவில்லை.

அந்தத் துண்டைத் திருப்பித் தர முடியுமா என்று கேட்டேன். அது சான்றுப்பொருள், இந்தத் தாளோடு சேர்த்துத் தைக்கப்படும் என்று நீதிபதி சொன்னார்.

மேலே எழுதியதை எழுத்தர் எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னதும் அதுவே, நடந்ததும் அதுவே. கையெழுத்துப் போடத் தெரியாததால் சிலுவைக் குறி போட்டிருக்கிறேன். எழுத்தர் ஊசியும் நூலும் எடுத்தபோது, முகத்தில் குத்தாமல் குல்லாவின் ஓரத்தில் தைக்கும்படி கேட்டுக்கொண்டேன். அவர் அப்படியே தைத்தார்.

X
பெர்ரின் கோத்ரியின் குறி