ஊசியைத் தேடியவர்கள்

வெயில் காலத்தில் பூனையை வரைவது சுலபம். மற்ற நாட்களில் அது ஓரிடத்தில் நிற்காது. காதை வரைந்து முடிப்பதற்குள் வாலைக் காணோம் என்றாகிவிடும். கோடையில் தரையோடு தரையாகக் கிடக்கும். மீசை முடி வரைக்கும் நிதானமாகப் பார்த்து வரையலாம்.

இதிலிருந்து ஏன் ஆரம்பிக்கிறேன் என்று உங்களுக்கு எரிச்சல் வருவது தெரிகிறது, இன்ஸ்பெக்டர் சார். காலையிலிருந்து ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள்: "தையல்காரம்மா எங்க, டீச்சர்?" சொல்கிறேன். மறைக்கும் எண்ணம் எனக்கு இல்லை. பேசச் சொன்னால் எனக்குக் கோர்வையாக வராது. அதனால்தான் என் கையாலேயே எழுதித் தருகிறேன் என்று பேப்பர் கேட்டு வாங்கினேன். நேராக அந்த இடத்துக்குப் போய்விட்டால், நான் ஏதோ கெட்ட எண்ணத்தோடு செய்தது போலத் தெரியும். தையல்காரியுடைய அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதை ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். யாரோ கொடுத்த தண்ணீர் பாட்டிலை இன்னும் திறக்கவில்லை. அந்த அம்மாவுக்கும் புரிய வேண்டும் என்றுதான் ஒழுங்காக எழுதுகிறேன்.

நான் ஓவிய டீச்சர். பள்ளிக்கூடம் நடக்கும் மாதங்களில் என் காதுக்கு ஓய்வே கிடையாது. டீச்சர், இவன் என் பிரஷ்ஷை எடுத்துட்டான். டீச்சர், தண்ணி கொட்டிடுச்சு. டீச்சர், யானைக்கு எத்தனை நகம். கோடை விடுமுறை விட்டதும் எல்லாம் ஒரே நாளில் நின்றுபோகும். வீட்டில் நானும் மின்விசிறியும்தான். பால்காரர் பாக்கெட்டைக் கதவில் மாட்டிவிட்டு மணியை அடிக்காமல் போய்விடுவார். அன்று முழுக்க ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பதே சில நாள் விளக்குப் போடும்போதுதான் உறைக்கும். மற்ற டீச்சர்கள் விடுமுறைக்காக ஏங்குவார்கள். எனக்குத் தனியாக இருக்கப் பயம், சார். இந்த வயதில் இப்படி எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

இந்தக் கோடையில் மருந்துக்கடைக்காரரின் பூனை என் வீட்டுக்கு வந்தது. வெள்ளைப் பூனை, மாத்திரை என்று பெயர் வைத்திருந்தார். தானாகத்தான் வந்தது. என் சமையலறைத் தரையில் படுத்துக்கொண்டது. நான் கதவைச் சாத்தினேன். வரைந்து முடித்ததும் விட்டுவிடலாம் என்று நினைத்தேன், ஆனால் மனசு வரவில்லை. அடுத்த நாள் மருந்துக்கடைக்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீடு வீடாக வந்தார். மருந்துக்கடையில் எல்லோரையும் அதட்டுகிற மனுஷன், அழாத குறையாக நின்றார்.

"டீச்சர், நம்ம மாத்திரைய எங்கயாவது பாத்தீங்களா?"

இல்லை என்று சொல்லிவிட்டேன். உள்ளே வைத்துக்கொண்டு ஆமாம் என்று எப்படிச் சொல்வது? அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், "கவலப்படாதீங்க, நான் படம் வரைஞ்சு தரேன், தெருவுல ஒட்டலாம்" என்றேன். அந்தப் படம் நன்றாக வந்தது. அதைப் பார்த்துவிட்டுத் தையல்காரி வந்தாள். அவளிடமும் ஒரு பூனை இருந்தது, ஊசி என்று. பிறகு ஓய்வுபெற்ற தபால்காரர் வந்தார். அவரை எக்ஸ்பிரஸ் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவ்வளவு மெதுவாகச் சைக்கிள் மிதிப்பார். நாங்கள் நான்கு பேரும் வெயில் தாழ்ந்ததும் சைக்கிளில் கிளம்பினோம்.

என் வாழ்க்கையில் அப்படி ஒரு சாயங்காலம் இருந்ததில்லை. எக்ஸ்பிரஸுக்குத் தெரியாத சந்து இல்லை. தையல்காரி கையை விட்டுவிட்டு ஓட்டிக் காண்பித்தாள். மருந்துக்கடைக்காரர் "மாத்திரை, மாத்திரை" என்று கத்திக்கொண்டு போக, எதிரே வந்த ஒருவர் நின்று, "என்ன மாத்திரைங்க, காய்ச்சலுக்கா?" என்று கேட்டார். பூனையைத் தொலைத்தவரே சிரித்துவிட்டார். திரும்பி வந்து என் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாறு குடித்தோம். கிளம்பும்போது தையல்காரி, "நாளைக்கும் வரோம் டீச்சர்" என்றாள். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

சில நாள் இப்படியே போயிற்று. மருந்துக்கடைக்காரர் இளைத்துக்கொண்டே வந்ததால் மனசு கேட்காமல் மாத்திரையை ஒரு விடியற்காலையில் வெளியே விட்டேன். அது நேராகக் கடைக்கே போய்விட்டது. ஊரே சந்தோஷப்பட்டது. அன்று சாயங்காலம் சாறு பிழிந்து வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. கழுவி வைத்த நான்கு டம்ளர்களில் மூன்றை மறுபடி அலமாரியில் எடுத்து வைத்தேன். பூனைக்காகக் கூடியவர்கள் பூனை கிடைத்ததும் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. எனக்கு அது புரிய வேண்டியிருந்தது, புரிந்தது.

எக்ஸ்பிரஸின் பூனையை எடுத்தது அப்படித்தான். அதன் பெயர் தந்தி. கிழட்டுப் பூனை, எதிர்ப்பே காட்டவில்லை. இந்த முறை வீட்டில் வைக்கவில்லை. வந்து போகிறவர்களுக்குச் சத்தம் கேட்கும். சைக்கிள் கூடையில் வைத்து மேலே துண்டைப் போட்டு எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். விடுமுறையில் அங்கே ஈ காக்கை இருக்காது. காவலாளி முன் கேட்டோடு சரி, அவருக்குக் காதும் மந்தம். ஓவிய அறைக்குப் பின்னால் சாமான் போட்டு வைக்கும் சின்ன அறை ஒன்று உண்டு. அதன் சாவியும் பின்பக்கக் கேட்டின் சாவியும் என்னிடம்தான் இருக்கும். பாலும் தண்ணீரும் வைத்துவிட்டு வந்தேன். சாயங்காலம் மறுபடி நான்கு சைக்கிள்கள் கிளம்பின.

அந்த அறைக்குத் தகரக் கூரை என்பதை நான் சரியாக யோசிக்கவில்லை. தந்திக்கு வயதாகிவிட்டிருந்தது. அதை வேலியோரம் புதைத்தேன். நிழல் பார்த்துத்தான் புதைத்தேன். எக்ஸ்பிரஸிடம் சொல்லவில்லை. சொன்னால் மனுஷன் இடிந்துபோவார், தேடலும் நின்றுபோகும். தெரியாமல் இருந்தால் நம்பிக்கையாவது மிஞ்சும் அல்லவா? அவர் ஒவ்வொரு சந்து முனையிலும் இறங்கி நின்று "தந்தி, வாடா கண்ணு" என்று கூப்பிடுவார். நானும் பக்கத்தில் நின்று கூப்பிடுவேன். அவருக்குத் துணையாக இருந்தேன் என்பதை அவரே ஒப்புக்கொள்வார், கேட்டுப் பாருங்கள்.

ஆனால் நாளாக ஆக அவருக்கே நம்பிக்கை விட்டுப்போயிற்று. "போதும் டீச்சர், அது எங்கயோ போய்ச் சேந்துடுச்சு" என்றார். மருந்துக்கடைக்காரரும் கடையைக் காரணம் சொல்ல ஆரம்பித்தார். அப்போதுதான் ஊசியை எடுத்தேன்.

தையல்காரியை எனக்கு எல்லோரையும்விடப் பிடிக்கும். தேடல் இல்லாத நாளிலும் ஓரிரு முறை துணி கொடுக்கும் சாக்கில் வந்து உட்கார்ந்து பேசியிருக்கிறாள். நான் வரைந்த பூக்களைப் பார்த்து அதே மாதிரி ரவிக்கைக் கையில் நூல் வேலை செய்து காண்பித்தாள். அவளிடம் போய் இப்படிச் செய்யலாமா என்று கேட்பீர்கள். அவளுடைய பூனை என்றால் அவள் சீக்கிரம் தேடலை விட மாட்டாள். அதனால்தான் செய்தேன்.

ஊசிக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை. இரண்டு வேளையும் போனேன், கோணியை நனைத்து விரித்தேன். போகும்போதெல்லாம் எதிரே உட்கார்ந்து வரைந்தேன். தெருவில் முதலில் ஒட்டிய ஊசியின் படம் வெயிலில் வெளுத்துவிட்டதால் புதிதாக ஒன்று வரைந்து ஒட்டினேன். நான் செய்த ஒரே பிசகு அதுதான். கண்ணால் பார்க்கிறதை அப்படியே வரைந்துதான் எனக்குப் பழக்கம். பிள்ளைகளுக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். தொலைந்தபோது ஊசி ஒட்டிய வயிறோடு இருந்தது. அது சினையாக இருப்பது யாருக்கும் தெரியாது. என் புதுப் படத்தில் வயிறு தொங்கிக்கொண்டிருந்தது.

தெருவில் அத்தனை பேர் பார்த்தார்கள், ஒருவரும் கவனிக்கவில்லை. தையல்காரிக்கு அளவெடுத்துப் பழகிய கண். முந்தாநாள் சாயங்காலம் தனியாக வந்தாள். மருந்துக்கடைக்காரரிடம் "டீச்சர் வீடு வரைக்கும் போறேன்" என்று சொல்லிவிட்டு வந்தாளாம். உங்களுக்கு என் மேல் சந்தேகம் வந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன். கிழித்தெடுத்த படத்தை என் மேஜையில் விரித்தாள். சத்தம் போடவில்லை.

"டீச்சர், இவ எங்க இருக்கா?"

நான் படத்தின் கிழிந்த ஓரத்தை நீவிவிட்டேன்.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். சத்தியமா. அவள மட்டும் குடுத்துடுங்க."

இரண்டு பேரும் சைக்கிளில் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். பின்பக்கக் கேட்டைத் திறந்து அழைத்துப்போனேன். அறைக்குள் ஊசி குட்டி போட்டிருந்தது. தையல்காரி அப்படியே முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பும் கண்ணீருமாக இருந்தது. பாருங்கள், அந்த நேரத்தில் அவளும் சந்தோஷமாகத்தான் இருந்தாள். நான் வாசற்படியில் நின்று, "குட்டிங்க கண்ணு தொறக்குற வரைக்கும் தினமும் ரெண்டு பேரும் வந்து பாக்கலாம்" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இல்ல டீச்சர். நான் சொன்னபடி யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா இனிமே நான் உங்க வீட்டுப் பக்கம் வர மாட்டேன். நீங்களும் வராதீங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. கோபம் என்றால் ஆறும். அவள் ரவிக்கைக்கு அளவு சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். அது எனக்குத் தாங்கவில்லை. அவள் குட்டிகளைத் துண்டில் எடுத்து வைப்பதற்காகக் குனிந்தாள். நான் கதவைச் சாத்திப் பூட்டினேன். வேகமாகக்கூடச் சாத்தவில்லை. அவளுடைய சைக்கிளைப் பள்ளிக்கூட சைக்கிள் நிறுத்துமிடத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

அன்று ராத்திரியே, அவள் வீடு திரும்பவில்லை என்று மருந்துக்கடைக்காரர் வந்து கதவைத் தட்டிவிட்டார். கூடவே எக்ஸ்பிரஸும் வந்திருந்தார். வந்தாள், உடனே கிளம்பிவிட்டாள் என்று சொன்னேன். நேற்றுச் சாயங்காலம் எங்கள் தெருக்காரர்களும் பக்கத்துத் தெருக்காரர்களும் சைக்கிளை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். இதுவரை என்னோடு ஒரு வார்த்தை பேசாதவர்கள்கூட, "டீச்சர், நாங்க எந்தப் பக்கம் போகணும்?" என்று என்னிடம்தான் கேட்டார்கள். அவள் முகத்தையும் நான்தான் வரைந்து கொடுத்தேன். ஸ்டேஷன் வாசலில் ஒட்டியிருக்கிறதே, அதுதான். இந்த முறை பார்த்து வரையவில்லை, ஞாபகத்திலிருந்து வரைந்தேன். பள்ளிக்கூடத்துப் பக்கம் போகிறவர்களை மட்டும் ஆற்றங்கரைக்குத் திருப்பிவிட்டேன்.

நீங்கள் எட்டி எட்டிப் பார்க்கிறீர்கள், சார். பரீட்சையில் பிள்ளைகள் மறைத்துக்கொள்கிற மாதிரி நானும் கையை வைத்து மறைத்துக்கொண்டிருக்கிறேன். மன்னிக்க வேண்டும். இன்னும் கொஞ்சம்தான்.

நேற்றுக் காலையில் அங்கே போனேன். கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். "டீச்சர், டீச்சர்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். வர மாட்டேன் என்று சொன்னவள்தான். விடுமுறை தொடங்கியதிலிருந்து என்னை யாரும் அப்படி விடாமல் கூப்பிட்டதில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். திறந்திருக்கலாம். திறந்தால் போய்விடுவாள் என்பதால் திறக்கவில்லை. உள்ளே பூனைக்கு வைத்த தண்ணீர் இருந்தது. அவள் அதை ஊசிக்குத்தான் விட்டிருப்பாள், அப்படிப்பட்ட மனசு அவளுக்கு.

இன்று விடிந்ததும் போனேன். கூப்பிடவில்லை. ஊசி மட்டும் உள்ளே கத்திக்கொண்டிருந்தது. வெயில் காலத்தில் எல்லோருக்கும் அசதியாக இருக்கும், தூங்குகிறாள் என்று நினைத்து எழுப்பாமல் திரும்பிவிட்டேன். அதற்குப் பிறகுதான் நீங்கள் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். இப்போது வெளியே வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

நீங்கள் கேட்டது இதுதான்: அவள் எங்கள் பள்ளிக்கூடத்தில், ஓவிய அறைக்குப் பின்னால் இருக்கும் தகரக் கூரை போட்ட அறையில் இருக்கிறாள். பூட்டியது நான். தந்தியைக் கொன்றதும் நான்தான் என்று எழுத வேண்டுமென்றால் எழுதிக்கொள்ளுங்கள். சாவிகள் என் கைப்பையில் இருக்கின்றன. பெரியது கேட்டுக்கு, சிறியது அறைக்கு.

கதவைத் திறந்ததும் அவளிடம் ஒன்று சொல்லுங்கள், சார். தன்னை யாரும் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டார்கள் என்று அவள் நினைத்துவிடக் கூடாது. அவளை நாங்கள் தேடாத தெரு இல்லை, எல்லோருக்கும் முன்னால் சைக்கிளில் போனது டீச்சர்தான் என்று சொல்லுங்கள்.