வழக்கறிஞரை அணுகவும்

கும்மிடிப்பூண்டி லோக்கலில் என் எதிர் சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி நிறைமாதக்காரி. மற்றவள் மடியில் லேப்டாப் பை.

“உன்னாலதான்க்கா வக்கீலாண்ட போனேன்,” என்றாள் நிறைமாதக்காரி.

“நான் இன்னாடி பண்ணேன்?”

“மாசமா இருக்கேன்னு கம்பெனில நிறுத்திட்டாங்கல்ல. அதுக்கு இன்னா பண்ணலாம்னு நீ நெட்டுல எழுதினத படிச்சேன். கடைசில ‘வழக்கறிஞரை அணுகவும்’னு போட்டிருந்த.”

“அந்த வரி இல்லன்னா எடிட்டரு கட்டுரைய எடுத்துக்கவே மாட்டாரு. எல்லாத்துக்கும் அதத்தான் போட்டுக்கினு கீறேன்.” பைக்காரி கண்களை மூடிக்கொண்டாள். “சரி, வக்கீலு இன்னா சொன்னாரு?”

“போன எடுத்து, நீ எழுதினதையே படிச்சிக் காட்டினாருக்கா. அந்தக் கடைசி வரிய மட்டும் உட்டுட்டாரு.”